கபடி மண்ணிலிருந்து கோஷியன் மண் வரை

கேள்வி இதுதான்: “பல வருடமாக ஜப்பானில் இருக்கிறீர்கள். அவர்களுடைய விளையாட்டு மரபையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? உலகக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் கேலரியைச் சுத்தம் பண்ணிவிட்டுப் போகிறார்களே, அந்த ஒழுக்கம் நமக்கு ஏன் வரவில்லை?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. இங்கே பெரும்பாலான பள்ளிகளில் வகுப்பறையையும் வராந்தாவையும் பிள்ளைகளே துடைக்கிறார்கள். தினமும் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. ஆறு வயதிலிருந்து கையில் துணியோடு தரையில் தவழ்ந்து பழகியவர்கள், 1998 பிரான்ஸ் உலகக் கோப்பையில் குப்பைப் பையோடு கேலரியில் குனிந்ததில் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. அது பள்ளிப் பழக்கம். விளையாட்டு அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்று நினைத்தால் தப்பு. இதே ஜனம் 1985இல் ஹன்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணி லீக் பட்டம் வென்ற இரவில் ஒசாகாவில் என்ன செய்தது என்று கீழே சொல்கிறேன்.

நான் மதுரை மாவட்டத்துக்காரன், மேலூர் பக்கம் கிராமம். 2008இல் வேலைக்காக இங்கே வந்தேன். வீடு ஒசாகாவை ஒட்டி, நிஷினோமியா என்ற ஊரில். கோஷியன் என்ற பேஸ்பால் மைதானம் சைக்கிள் மிதிக்கிற தூரம். ஆகஸ்ட் மாதம் காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஊதுகிற சைரன் வீட்டுக்கே கேட்கும். முதல் வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ ஆலையில் ஷிஃப்ட் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்த பெரிய வித்தியாசம் ஒன்றுதான். நம்மிடம் விளையாட்டு ஊருடையது, இங்கே அது பள்ளியுடையது. மற்ற வித்தியாசமெல்லாம், நல்லதும் கெட்டதும், பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

நான் கபடி கற்றது பள்ளியில் இல்லை. பள்ளியில் பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் எழுதியிருக்கும், அதைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பத்தாம் வகுப்பில் அதுவும் நின்றுபோனது. கபடி கற்றது களத்துமேட்டில். சாயங்காலம் அண்ணன்மார் ஆடுவார்கள், ஆள் குறைந்தால் “வாடா, நில்லு” என்று இழுத்து நிறுத்துவார்கள். பதினைந்து வயசுப் பையனும் நாற்பது வயசு சித்தப்பாவும் ஒரே பக்கம் நின்று கை கோத்துக்கொள்வது அங்கே சாதாரணம். யாரும் சேர்க்கைப் படிவம் கொடுக்கவில்லை, யாரும் பேரை நீக்கவும் இல்லை.

மின்னொளி கபடிப் போட்டி என்று சுவரொட்டி பார்த்திருப்பீர்கள். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ நடக்கும். இரண்டு நாளைக்கு முன்பே மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, சல்லடை போட்டு, தண்ணீர் தெளித்து, மறுபடி கொத்தி, சுண்ணாம்பில் கோடு இழுப்போம். நாலு மூலையிலும் சவுக்குக் கம்பு, டியூப்லைட். ராத்திரி எட்டு மணிக்கு முதல் ஆட்டம் என்று மைக்கில் சொன்னால் பதினொன்றுக்குத் தொடங்கும். பாடிப்போனவன் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று முக்கால் மணி நேரம் சண்டை நடக்கும். நடுவர் வேறு ஊர் பி.டி. சார், பாவம், விசிலை வாயில் வைத்தபடி நின்றுகொண்டிருப்பார். எதிர் அணியில் புதிதாக ஒருத்தன் நிற்பான், யாரென்று விசாரித்தால் “அவங்க மாமா மகன்” என்பார்கள். உண்மையில் ஐந்நூறு ரூபாய்க்கும் பிரியாணிக்கும் வந்த கெஸ்ட் பிளேயர். இறுதி ஆட்டம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும், பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்று பார்ப்பார்.

இதைப் போல இங்கே எதுவும் கிடையாது. இங்கே இருப்பதற்குப் பேர் புகாட்சு, அதாவது பள்ளிக் குழு. ஏழாம் வகுப்பில் பையன் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கிறான். பேஸ்பால், கால்பந்து, கெண்டோ என்கிற மூங்கில் வாள் சண்டை, டேபிள் டென்னிஸ், ஏதாவது ஒன்று. பெரும்பாலும் அதோடு மூன்று வருடமும் நிற்க வேண்டும். இன்றைக்குக் கிரிக்கெட், நாளைக்கு வாலிபால் என்று தாவுவதை யாரும் மதிப்பதில்லை. என் மகன் பேஸ்பால் எடுத்தான். காலை ஆறரைக்குப் பயிற்சி, சாயங்காலம் பயிற்சி, சனிக்கிழமை முழு நாள். முதல் வருடம் அவன் மட்டையைத் தொட்டதைவிடப் பந்து பொறுக்கியதும் தரையை மட்டம் செய்ததும்தான் அதிகம். வாரக்கடைசிகளில் பெற்றோர் முறை வைத்துப் பார்லித் தேநீர் கொண்டுபோய் வைக்க வேண்டும். என் முறை வந்த முதல் நாள் சர்க்கரை போட்டுக் கொண்டுபோனேன். அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்புக் கோடையில் நகரப் போட்டியில் இரண்டாவது சுற்றில் தோற்றார்கள். அன்று சாயங்காலம் அவர்களுக்கு “இன்தாய்”. அந்தச் சொல்லுக்கு ஓய்வுபெறுவது என்று அர்த்தம். பதினைந்து வயசில்! குழு வரிசையாக நின்றது, ஒவ்வொரு பையனும் அழுதுகொண்டே இரண்டு நிமிடம் பேசினான், பயிற்சியாளரும் அழுதார், எட்டாம் வகுப்புப் பையன்கள் தொப்பியைக் கழற்றி வணங்கினார்கள். மறுநாள் முதல் நுழைவுத் தேர்வுப் படிப்பு. அவன் கையுறைக்கு எண்ணெய் போட்டு அலமாரியில் வைத்துவிட்டான். மூன்று வருடம் விடியற்காலையில் எழுந்த பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினான். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. “எப்ப வேணா போய் ஆடலாமே” என்றேன். “எங்கே?” என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே களத்துமேடு கிடையாது. பூங்காக்களில் “பந்து விளையாடக் கூடாது” என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பள்ளி முறையின் உச்சிதான் கோஷியன். பள்ளிப் பேஸ்பால் தேசியப் போட்டி 1915இல் தொடங்கியது, 1924இல் கட்டிய கோஷியன் மைதானத்துக்கு அந்த வருடமே வந்து சேர்ந்தது. இப்போது நாடு முழுக்கச் சுமார் 3,400 அணிகள் மாகாணச் சுற்றில் ஆடுகின்றன. கோடைப் போட்டிக்கு வருவது 49 அணி. 47 மாகாணத்துக்கும் ஆளுக்கொன்று, டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மட்டும் இரண்டு. எல்லாமே நாக் அவுட். ஒருமுறை தோற்றால் வீட்டுக்கு. ஆக, கோடை முடியும்போது தோற்காமல் நிற்பது நாட்டிலேயே ஒரே ஒரு பள்ளி. மற்ற அத்தனை பேரும் தோற்றுத்தான் முடிக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, தோற்பதற்கு இங்கே ஒரு முறையே வைத்திருக்கிறார்கள். இரண்டு அணியும் வரிசையில் நின்று வணங்கும், ஜெயித்த பள்ளியின் பாட்டு ஒலிக்கும், அதைத் தோற்றவர்கள் நின்று கேட்பார்கள். அப்புறம் தங்கள் ஆதரவாளர்கள் இருக்கும் பக்கம் ஓடிப்போய் வணங்குவார்கள். அப்புறம் மண்டியிட்டு, மைதானத்தின் கறுப்பு மண்ணை இரண்டு கையாலும் வாரிப் பையில் போட்டுக்கொள்வார்கள். முதல் தடவை பார்த்தபோது என் தொண்டை அடைத்துவிட்டது. தோற்ற மைதானத்தின் மண்ணை எடுத்துப்போகிற பழக்கம் நம்மிடம் கிடையாது. கபடியில் தோற்றால் மண்ணைத் தட்டிவிட்டுத்தான் கிளம்புவோம்.

அந்த மண்ணைப் பற்றி ஒரு கதை உண்டு, இது 1958இல் நிஜமாகவே நடந்தது. ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து முதன்முதலாக ஷுரி என்ற பள்ளி கோஷியனுக்கு வந்து, முதல் ஆட்டத்திலேயே தோற்று, வழக்கப்படி மண்ணை எடுத்துக்கொண்டு கப்பலில் திரும்பியது. நஹா துறைமுகத்தில் அதிகாரிகள் அதை வெளிநாட்டு மண் என்று சொல்லி உள்ளே விட மறுத்துவிட்டார்கள், மண் தூக்கி எறியப்பட்டது. செய்தி கேள்விப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள், கல்லுக்குத் தடை இல்லையே என்று, கோஷியன் பக்கத்திலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார்கள். அந்தக் கற்கள் இன்றும் பள்ளியின் நினைவுச் சின்னத்தில் பதித்திருக்கின்றன. ஒரு கைப்பிடி மண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஊரில், நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், விளையாட்டை லேசாகப் பேச முடியாது.

இன்னொன்று நம் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். கோஷியன் உண்மையில் ஹன்ஷின் டைகர்ஸின் சொந்த மைதானம். தொழில்முறை அணி, லட்சக்கணக்கான ரசிகர்கள், சீசனின் முக்கியமான கட்டம். ஆனால் ஆகஸ்டில் பள்ளிப் பையன்களுக்கு மைதானத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஊர் ஊராக ஆடப்போய்விடுவார்கள். அந்தப் பயணத்துக்கு “மரணப் பாதை” என்றே செல்லப்பெயர். பள்ளிப் பிள்ளைகள் ஆட வேண்டும் என்பதற்காக ஐபிஎல் நடுவில் சேப்பாக்கத்தைக் காலி செய்து கொடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

சரி, ரொம்பப் புகழ்ந்துவிட்டேன். மறுபக்கமும் இருக்கிறது. 1998 கோஷியன் கால் இறுதியில் மட்சுசாகா என்ற பையன் 17 இன்னிங்ஸில் 250 பந்து வீசினான். நாடே கண்ணீர் விட்டுக் கொண்டாடியது. என் கூட வேலை பார்க்கிறவர் அதை இன்னமும் சாமி கதை மாதிரி சொல்வார். எனக்குத் தோன்றியதெல்லாம், அந்தப் பையன் தோளை யாராவது நினைத்தார்களா என்பதுதான். ஒரு வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் வீசக் கூடாது என்ற விதியே 2020இல்தான் வந்தது. 2012 டிசம்பரில் ஒசாகாவில் ஒரு பள்ளிக் கூடைப்பந்து அணித் தலைவன், பயிற்சியாளர் தொடர்ந்து அடித்ததால் உயிரை மாய்த்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் விளையாட்டில் அடிப்பதைப் பற்றி இந்த நாடு வாய் திறந்து பேசத் தொடங்கியது. நமக்குத் தூரத்திலிருந்து ஒழுக்கமாகத் தெரிவதில் ஒரு பங்கு பயம். அது எவ்வளவு பங்கு என்று உள்ளே இருக்கிற பிள்ளைக்குத்தான் தெரியும்.

தலை விஷயம் பாருங்கள். பள்ளிப் பேஸ்பால் என்றால் மொட்டை என்பது பல காலமாக எழுதாத சட்டம். 2023 கோடையில் கெய்யோ என்ற பள்ளி, முடி வளர்த்த பையன்களோடு, சிரித்துக்கொண்டே ஆடிப் பட்டம் வென்றது, அந்தப் பள்ளி அதற்கு முன் வென்றது 1916இல். எங்கள் தெருவில் பேஸ்பாலைவிடப் பையன்களின் தலைமுடியைப் பற்றித்தான் அந்த வாரம் அதிகம் பேசினார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. விளையாட்டு ஊருடையது என்று மேலே பெருமையாக எழுதினேன். எந்தத் தெரு சேர்ந்தது ஊர் என்று யாராவது கேட்டால் நான் தலை குனிய வேண்டும். நான் ஆடிய காலத்தில் எங்கள் ஊரில் இரண்டு கபடிக் குழு. காலனிப் பையன்களுக்குத் தனிக் குழு. அவர்களில் ஒருவன் எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பாடிப்போவான், கால் நீட்டித் தொட்டால் எட்டாத இடமே கிடையாது. ஒரு தடவைகூட எங்கள் பக்கம் நின்று ஆடியதில்லை. அன்றைக்கு அது எனக்குத் தப்பாகப் படவும் இல்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. அவனியாபுரம் ஜல்லிக்கட்டை யார் நடத்துவது, யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டை மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது ஊருக்கே தெரியும். பள்ளி நடத்துகிற விளையாட்டில் குறைந்தபட்சம் ஒரே சீருடை, ஒரே வரிசை. பந்து பொறுக்குகிற வேலை ஏழாம் வகுப்புப் பையன் எல்லாருக்கும் பொது.

ஜெயித்தவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில்தான் இரண்டு ஊரும் நேரெதிர். நம் கபடியில் ஆள் பிடித்ததும் தொடையைத் தட்டாவிட்டால் பிடித்ததாகவே கணக்கில்லை. அது எதிரிக்கும் ஒரு செய்தி, கூட்டத்துக்கும் ஒரு செய்தி. இங்கே கெண்டோவில் புள்ளி எடுத்துவிட்டுக் கையை உயர்த்திக் குதித்தால் எடுத்த புள்ளியையே ரத்து செய்துவிடுவார்கள். சூமோ மல்யுத்தத்தில் ஜெயித்தவன் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. தோற்றவன் விழுந்து கிடந்தால் பெரும்பாலும் கை கொடுத்துத் தூக்கிவிடுவான், இருந்த இடத்துக்குத் திரும்பிக் குனிந்து வணங்க வேண்டும்.

ஒவ்வொரு மார்ச்சிலும் சூமோ ஒசாகாவுக்கு வரும். வருடத்துக்கு ஆறு போட்டி, ஒவ்வொன்றும் 15 நாள். நான்கைந்து முறை போயிருக்கிறேன். வட்டத்தின் குறுக்களவு 4.55 மீட்டர், அதாவது நம் கபடிக் களத்தின் அகலத்தில் பாதிகூட இல்லை. உப்பை அள்ளி வீசுவார்கள், காலைத் தூக்கித் தரையில் அறைவார்கள், முறைத்துப் பார்ப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள், மறுபடி உப்பு. இப்படியே நாலு நிமிடம். சண்டை நாலு நொடி. முதல் நாள் நான் பாக்கெட்டைப் பிரித்துக் குனிந்து நிமிர்வதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது, பார்க்க வேண்டியது அந்த நாலு நிமிடத்தை. எவன் முதலில் உள்ளுக்குள் தளர்கிறான் என்பது அதில் தெரிந்துவிடும். கபடியில் நடுக்கோட்டைத் தாண்டுமுன் பாடிப்போகிறவன் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பானே, அந்த ஒரு கணத்தை இவர்கள் நாலு நிமிடத்துக்கு இழுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2019 மார்ச்சில் இதே ஒசாகாவில் ஹகுஹோ பட்டம் வென்றார். மங்கோலியாவில் பிறந்தவர், யோகொசுனா என்கிற உச்ச நிலையை அடைந்தவர், 45 பட்டம் வென்ற வேறு ஆளே சூமோவில் கிடையாது. பேட்டி முடிந்ததும் சந்தோஷத்தில் கூட்டத்தோடு சேர்ந்து மூன்று முறை கை தட்டினார். கூட்டம் குதூகலித்தது. சங்கம் அவரைக் கண்டித்தது, முறைப்படி போட்டி இன்னும் முடியவில்லையாம். எங்கள் ஊராக இருந்தால் அவரைத் தோளில் தூக்கி மூன்று தெரு சுற்றியிருப்பார்கள். இதில் நான் யார் பக்கம் என்றால், தொடை தட்டும் பக்கம்தான். ஜெயித்த ஒருவனிடம் முகத்தை மூடிக்கொள் என்று சொல்வது எனக்கு இன்றும் ஒட்டவில்லை. ஆனால் தோற்றவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுவதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பணத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒரே மாதிரி. சூமோவில் முக்கியமான ஆட்டத்துக்கு முன் விளம்பரப் பதாகைகளை வட்டத்தைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள், ஜெயித்தவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து உறைக்கட்டை வாங்கிக்கொள்வான். அதைப் பார்த்தபோது காதில் பாலமேடு மைக் கேட்டது: “மாட்டைப் பிடிச்சா ஒரு அண்டா, ஒரு கட்டில், ஒரு தங்கக் காசு… மாடு வருது, மாடு வருது, தொட்டுப் பாரு!”

காளை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ஜல்லிக்கட்டுக்குக் கொஞ்சம் உறவான ஒன்று ஜப்பானிலேயே இருக்கிறது என்று எனக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நீகாட்டா மாகாணத்து மலையில் யமகோஷி என்று ஓர் ஊர். அங்கே இரண்டு காளைகளைக் கொம்போடு கொம்பு முட்ட விடுவார்கள். அங்குள்ள விசேஷம், எந்தக் காளையையும் தோற்க விடுவதில்லை. சண்டை முற்றுகிற நேரத்தில் ஆட்கள் பாய்ந்து பின்னங்காலில் கயிறு போட்டு இழுத்துப் பிரித்துவிடுவார்கள். முடிவு எப்போதும் சமன். தோற்ற மாடு மனசு விட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பக்கத்துக் கோயில் காளை ஞாபகம் வந்தது. வாடிவாசலில் முதலில் வருவது கோயில் காளை, அதை யாரும் பிடிக்க மாட்டார்கள், தொட்டுக் கும்பிட்டு வழிவிடுவார்கள். 2004 அக்டோபர் நிலநடுக்கத்தில் யமகோஷி முழுக்கக் காலியானபோது மக்களை ஏற்றிச்சென்ற பிறகு காளைகளையும் ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஏன் அத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று இங்கே யாராவது கேட்டால் நான் தமிழ் வரலாறு எல்லாம் எடுக்க மாட்டேன். “யமகோஷிக்காரரைக் கேளுங்கள்” என்பேன்.

பெண்களைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சூமோ வட்டத்துக்குள் பெண் கால் வைக்கக் கூடாது. 2018 ஏப்ரலில் இங்குள்ள மைசுரு நகரில் கண்காட்சி ஆட்டத்தில் மேயர் மேடையிலேயே மயங்கி விழுந்தார். ஓடிவந்து நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்த பெண்களை வட்டத்தை விட்டு இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிறகு சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், விதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதே வருடம் யமகோஷியில் பெண்கள் காளையைக் களத்துக்குள் கூட்டிவர அனுமதி கொடுத்துவிட்டார்கள். நம் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளையைக் கன்றிலிருந்து வளர்த்து, வாடிவாசல் வரை கயிறு பிடித்து வருகிற பெண்கள் எத்தனையோ பேர். மாடு பிடிப்பது மட்டும் இன்னமும் ஆண்கள் காரியம்.

இளவட்டக்கல் பற்றியும் ஒரு வரி. எங்கள் ஊர்ச் சாவடி ஓரம் ஒரு உருண்டைக் கல் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும், அதைத் தோளுக்கு மேல் தூக்கியவனுக்குத்தான் பெண் என்பார்கள். அதே மாதிரி கல்லை இங்கே கோயில் வளாகத்தில் பார்த்து நின்றுவிட்டேன். பலக்கல் என்றே பேர். சிலவற்றில் எடையையும் தூக்கியவன் பேரையும் செதுக்கியிருக்கிறார்கள். நம் கல்லைத் தூக்கியவன் பேர் யாருக்குத் தெரியும்? அப்புறம் உறியடி. இங்கே கோடையில் கடற்கரையில் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் தர்ப்பூசணியை அடிக்கிறார்கள். ஆனால் யாரும் மேலே தண்ணீர் ஊற்றுவதில்லை, எனக்கு அது உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கிறது.

இப்போது அந்த 1985 கதை. ஹன்ஷின் டைகர்ஸ் லீக் பட்டம் வென்ற இரவு, ரசிகர்கள் டோட்டொன்போரி ஆற்றுப் பாலத்தில் கூடினார்கள். ஒவ்வொரு வீரர் பேரையும் கத்த, அவர் சாயலில் இருக்கிற ஒரு ரசிகர் ஆற்றில் குதித்தார். அமெரிக்கரான ராண்டி பாஸ் முறை வந்தது, அவர் சாயலுக்கு ஆள் இல்லை. பக்கத்து கேஎஃப்சி வாசலில் நின்ற தாடிக்காரக் கர்னல் சிலையைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள். அந்த வருடம் இரண்டு லீக் சாம்பியன்கள் மோதுகிற ஜப்பான் சீரிஸும் வென்றார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அந்த சீரிஸ் பட்டம் வரவில்லை, எல்லாரும் கர்னல் சாபம் என்றார்கள். நான் வந்த மறு வருடம், 2009 மார்ச்சில், சிலையை ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அப்படியும் ஜப்பான் சீரிஸ் பட்டம் மறுபடி வர 2023 ஆனது, 38 வருடம். அந்த வருடம் மேலாளர் ஒகாடா “பட்டம்” என்ற சொல்லை வாயால் சொல்லவே இல்லை, சொன்னால் வீரர்கள் பதறுவார்களாம். “அது” என்று மட்டும் சொன்னார். ஊரே “அது”, “அது” என்று பேசிக்கொண்டிருந்தது. கண் படும் என்று சொல்லி நல்ல காரியத்தைப் பேர் சொல்லாமல் பேசுகிற என் அப்பத்தா அன்று இருந்திருந்தால் ஒகாடாவை ரொம்பப் பிடித்திருக்கும்.

மஞ்சள் சட்டை, சொன்னால் புரியாத விசுவாசம் என்று பார்த்தால், இவர்களும் நம் சூப்பர் கிங்ஸ் ரசிகர்களும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 2018இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது, ரயில் பிடித்துப் போனவர்கள் நம் ஆட்கள். கறையும் இரண்டு ஊருக்கும் உண்டு. பந்தய விவகாரத்தில் சூப்பர் கிங்ஸ் இரண்டு வருடம் தடை வாங்கியது. 2011 மார்ச் சூமோ போட்டி, மல்லர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்ற விவகாரம் வெளியாகி, முழுதாக ரத்தானது. ஆக, ஒழுக்கம் ஒரு நாட்டின் தனிச்சொத்து என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ரசிகர்கள் சத்தம் போடும் முறை வேறு. கோஷியனில் தன் அணி மட்டையடிக்கும்போது மட்டும்தான் பாட்டும் தாரையும் முரசும். ஒவ்வொரு வீரருக்கும் தனிப் பாட்டு, நாற்பதாயிரம் பேருக்கும் மனப்பாடம். எதிரணி முறை வந்ததும் அமர்ந்துவிடுவார்கள், அந்தப் பக்கம் மூலையில் இருக்கிற எதிரணி ரசிகர்கள் பாட இடம் விட்டு. சத்தம் போடவும் முறை வைத்திருக்கிறார்கள்! முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கூட்டம் வேறு ரகம். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. கூட்டம் கொஞ்ச நேரம் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, எழுந்து நின்று கை தட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, முறை வைக்கவில்லை. ஜப்பானியர்களிடம் நம் மானம் காக்க எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தால் இதைத்தான் சொல்வேன்.

இப்போது இரண்டு ஊரும் மாறிக்கொண்டிருக்கின்றன. இங்கே பிள்ளைகள் குறைந்து, ஆசிரியர்கள் வாரக்கடைசி வேலையால் களைத்துப்போய், 2023 முதல் பள்ளிக் குழுக்களை வட்டாரக் கிளப்புகளிடம் ஒப்படைக்கும் திட்டம் நடக்கிறது. அதாவது விளையாட்டைப் பள்ளியிலிருந்து ஊருக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். நம் பக்கம் தலைகீழ். கபடி மண்ணிலிருந்து ‘மேட்’ என்கிற விரிப்புக்கு ஏறிவிட்டது, புரோ கபடியில் 2017 முதல் தமிழ் தலைவாஸ் இருக்கிறது, அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024இல் ஜல்லிக்கட்டுக்கு அரங்கமே கட்டித் திறந்தார்கள். ஊர்க்களம் மட்டும் மெதுவாகக் காலியாகிறது, இருக்கிற பையன்களும் ரப்பர் பந்துக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

போன பொங்கலுக்கு மகனை ஊருக்குக் கூட்டிப்போனேன். கபடியில் ஆள் குறைய, அவனை இழுத்து நிறுத்தினார்கள். முதல் தடவை பாடிப்போனவன் எதிரிகள் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் உள்ளே போனான். ஊரே சிரித்தது. ஐந்து நொடியில் பிடித்து மண்ணில் போட்டார்கள். அவனைப் போட்டவர் முழங்காலில் பட்டை சுற்றிய என் சித்தப்பா மகன், வயசு 44. திரும்பும் வழியில் மகன் கேட்டான்: “அவர் எப்ப இன்தாய் ஆவார்?” இதை அவரிடம் தமிழில் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டாலும் அவருக்கு அந்தக் கேள்வி விளங்கியிருக்காது.

நேரில் பார்க்க வருவதாக இருந்தால் மார்ச்சில் வந்து சூமோ மேல்மாடி இருக்கை எடுங்கள், தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டியதில்லை. ஆகஸ்டில் வந்தால் கோஷியனுக்குத் துண்டும் தொப்பியும் இல்லாமல் போகாதீர்கள், வெயில் மதுரைக்குச் சளைத்ததல்ல. ஹன்ஷின் ஆட்டத்துக்கு என்றால் மஞ்சள் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நான் நம் ஊர்ச் சிங்கம் போட்ட சட்டையோடுதான் போவேன். இதுவரை யாரும் கேட்டதில்லை, ஒரு கிழவர் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, “இந்தப் புலி கொஞ்சம் வேற மாதிரி இருக்கே” என்றார்.